திறந்த ஏடும் மூடிய கதவும்

ஒரு மாநகராட்சியிடம் சேரும் ஏடுகள் யாருக்கு உரியவை? அவற்றை எழுதிவைத்த அலுவலகத்துக்கா, வரி செலுத்தும் மக்களுக்கா, அவற்றில் தம் பெயரும் முகமும் இடம்பெற்றுவிட்ட தனிமனிதருக்கா? அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரம் இவ்வினாவை நெடுங்காலமாக எதிர்கொண்டு வருகிறது.

மக்கள் இயற்றிய சட்டம்

வாசிங்டன் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம், 1972ஆம் ஆண்டு மக்களே முன்மொழிந்து, மக்களே வாக்களித்து நிறைவேற்றியது. அரசு அலுவலகங்கள் மக்கள் பணிக்காக ஏற்பட்டவை. பணியாளரிடம் கணக்குக் கேட்கும் உரிமையை மக்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அதன் அடிப்படை. ஆவணம் கேட்பவர் பொதுவாக அதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. ஐந்து வேலைநாள்களுக்குள் அலுவலகம் மறுமொழி தந்தாக வேண்டும். முறையின்றி மறுத்தால், நாளொன்றுக்கு 100 டாலர் வரை நீதிமன்றம் தண்டம் விதிக்கலாம்.

காவலர் சட்டையில் ஒரு கண்

இச்சட்டம் பிறந்த காலத்தில் ஆவணம் என்றால் பெரும்பாலும் தாள்தான். 2014ஆம் ஆண்டின் இறுதியில் சியாட்டில் காவல்துறை, காவலர் உடலில் அணியும் காணொலிக் கருவிகளைச் சோதனை முறையில் கொணர்ந்தது. அவ்வேளையில் பெயரை வெளியிடாத ஒருவர், காவல்துறையிடமுள்ள காணொலிகள் அனைத்தையும் கேட்டு விண்ணப்பித்தார். சட்டப்படி அக்கோரிக்கையில் பிழையில்லை. ஆயினும் நகரம் திகைத்தது.

திகைப்புக்குக் காரணம் வேலைப்பளு மட்டுமன்று. காவலர் ஒருவர் நள்ளிரவில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். அங்கே அடிபட்ட பெண்ணொருத்தி. மூலையில் அஞ்சி ஒடுங்கிய குழந்தை. கருவி அங்கே சென்றது காவலரின் நடத்தையைப் பதிவுசெய்ய. படத்தில் நிறைந்திருப்பதோ அக்குடும்பத்தின் துயரம். அரசைக் காட்டும் ஆவணமே குடிமக்களின் அந்தரங்கத்தையும் காட்டிவிடுகிறது. ஒன்றை மறைக்காமல் மற்றொன்றைத் திறக்க இயலவில்லை. முகங்களை மங்கலாக்கிய காணொலிகளைக் காவல்துறை யூடியூபில் வெளியிட்டுப் பார்த்தது. அவை எவருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை என்றே கூறலாம்.

2016ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றம் ஒரு நடுவழி கண்டது. காவலர் அணிந்த கருவியின் காணொலியைக் கேட்பவர், நிகழ்வின் எண்ணையோ, நேரத்தையும் இடத்தையுமோ, தொடர்புடையவர் பெயரையோ குறிப்பிட்டாக வேண்டும். வீட்டின் உட்பகுதி, மருத்துவமனை, சிறுவர், குடும்ப வன்முறைக்கு ஆளானோர் ஆகிய காட்சிகள் அந்தரங்கம் என்றே முதலில் கொள்ளப்படும்.

நகரத்தின் நிலைப்பாடுகள்

மாநிலச் சட்டமன்றத்திடம் தான் வேண்டுவனவற்றைச் சியாட்டில் நகரம் ஆண்டுதோறும் ஓர் ஏடாகத் தொகுக்கிறது. ஆவணச் சட்டத்தைப் பொறுத்தவரை மாநிலத்து நகரங்களின் முறையீடு நெடுநாளையது: கோரிக்கைகள் பெருகுகின்றன, செலவு கூடுகிறது, சிலர் கணினி நிரலைக் கொண்டு கோரிக்கைகளைக் குவிக்கின்றனர். 2017ஆம் ஆண்டுச் சட்டம், மின்னணுப் படிகளுக்குச் சிறு கட்டணம் பெறவும், நிரல்கள் அனுப்பும் மிகைக் கோரிக்கைகளை மறுக்கவும் இடமளித்தது.

அந்தரங்கத்தைக் காப்பதில் நகரம் சட்டமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. காவல்துறை வாங்கிய ஆளில்லா வானூர்திகளை, மக்கள் எதிர்ப்புக்குப் பணிந்து 2013ஆம் ஆண்டில் கைவிட்டது. 2015ஆம் ஆண்டில் நகர மன்றம் அந்தரங்கக் கொள்கைகளை ஏற்றது. 2017ஆம் ஆண்டில், இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்திய அந்தரங்க விதிகளை நாட்டின் அரசு நீக்கியபோது, கேபிள் நிறுவனங்கள் மீது தனக்கிருந்த அதிகாரத்தைச் சியாட்டில் பயன்படுத்தியது. பயனரின் இசைவின்றி அவருடைய இணைய உலாவல் விவரங்களைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. கண்காணிப்புக் கருவிகளை நகர மன்றத்தின் ஒப்புதலுக்கு உட்படுத்தும் சட்டத்தையும் அதே ஆண்டில் இயற்றியது.

காணாமற்போன செய்திகள்

அந்தரங்கம் என்னும் சொல்லைக் குடிமகன் கூறும்போது ஒரு பொருள். அரசு கூறும்போது அதனுள் வேறொரு பொருளும் ஒளிந்திருக்கக்கூடும். 2020ஆம் ஆண்டு சியாட்டில் வீதிகளில் பெரும் போராட்டங்கள் நிகழ்ந்தன. அக்காலத்தில் மேயரும் காவல்துறைத் தலைவரும் அனுப்பிய, பெற்ற கைப்பேசிக் குறுஞ்செய்திகள் சட்டப்படி பொது ஆவணங்கள். அவை பேணப்படவில்லை என்பது 2021ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவற்றில் எவருடைய வீட்டுத் துயரமும் இல்லை. நகரத்தை ஆண்டவர்களின் முடிவுகள் இருந்திருக்கும். அச்செய்திகள் இல்லாமையை மறைத்துக் கோரிக்கைகள் கையாளப்பட்டன என முறையிட்டு வெளிக்கொணர்ந்தவர்கள், மேயர் அலுவலகத்திலேயே ஆவணக் கோரிக்கைகளைக் கவனித்துவந்த பணியாளர்கள்.