உண்ணும் அளவும் உழைக்கும் அளவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் ஆன்றோர். அச்செல்வத்தை இன்று அரித்து வருவது உடற்பருமன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் உடற்பருமன் உடையவர் என்கிறது.

எங்கள் தொப்பூரில் என் பாட்டி காலையில் களி உண்டு, மாலைவரை காட்டில் களை வெட்டியவர். என் தந்தையோ நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறார்; நாளெல்லாம் அமர்ந்தே இருக்கிறார். உணவு குறையவில்லை, உடலுழைப்பு குறைந்துவிட்டது. மிஞ்சும் ஆற்றல் கொழுப்பாகிறது. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். நாளொன்றுக்கு 100 கலோரி மிஞ்சினால், 11 வாரங்களில் ஒரு கிலோ கூடும் என்பது கணக்கு.

பட்டினி கிடந்தால் எடை குறையாதா? குறையும், நிலைக்காது. கொழுப்போடு தசையும் கரையும், உடல் தன் செலவைச் சுருக்கும், பசி பெருகும். சர்க்கரை நோய் கண்ட என் தந்தை இரு வாரம் ஒரு வேளை உணவோடு இருந்து பார்த்தார். இளைத்த உடல் இரண்டே மாதத்தில் பழையபடி ஆயிற்று. மருந்து உண்போர்க்குப் பட்டினி ஆபத்தும் கூட.

மீண்டும் களிக்கே திரும்பினால் போதும் என்பாரும் உளர். நம் மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2023-இல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல செயலே. ஆயினும் 100 கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி. கேழ்வரகில் சுமார் 320. வேறுபாடு சிறிதே. நார்ச்சத்துதான் அரிசியில் 3 கிராம், கேழ்வரகில் 11 கிராம். ஆகவே பசி தாமதித்து எழும். களிக்கும் அளவு வேண்டும்.

நிலைத்த பலன் தருவன சிறு பழக்கங்களே:

1. இரண்டு கரண்டி சர்க்கரை 40 கலோரி. ஐந்து தேநீரில் அதை விட்டாலே நாளுக்கு 200 கலோரி மிச்சம்.

2. தட்டில் பாதி காயும் கீரையும். பருப்போ முட்டையோ ஒரு பங்கு. சோறு ஒரு பங்கு.

3. வாரம் 150 நிமிட நடை போன்ற உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள் போதும்.

4. புதிய பழக்கத்தைப் பழைய வேலையோடு முடிய வேண்டும். சரக்கு ஏற்றும் நேரத்தில் என் தந்தை நடக்கிறார். இரவில் நான்கு பரோட்டா இரண்டாயிற்று. ஓராண்டில் ஐந்து கிலோ குறைந்தது, திரும்பி வரவில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வகுப்பில் கற்கும் கலோரிக் கணக்கு தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், நம் வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேரட்டும்!