தலவில யாத்திரையில் பருப்புச் சட்டி

மார்ச்சிலோ ஓகஸ்ட்டிலோ தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்ச் சில நாள் தங்கிச் சமைப்பவர்களுக்கு மைசூர்ப் பருப்பைவிட வசதியான சாமான் இல்லை. கெடாது, ஊறவைக்கத் தேவையில்லை, விறகும் குறைவு. காய்ந்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. சோற்றுப் புரதத்தில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம் சோற்றில் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தே உண்ணுங்கள்.

தேசிக்காய்ப் புளியை இறக்கியபின் விடுங்கள். முன்னரே விட்டால் பருப்பு மசியாது. உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரிலும் இதே தொல்லைதான், குடிதண்ணீரில் அவியுங்கள். அந்தப் புளியின் வைட்டமின் சி பருப்பிலுள்ள இரும்பை உடல் உறிஞ்ச உதவும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் அந்தப் பலன் குறையும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். (நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம்!)

கருவாடு பொரித்தால் பருப்புக்கு உப்பைக் குறையுங்கள். நீரிழிவுக்காரர் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம். சிறுநீரக நோயாளர் வைத்தியரிடம் அளவு கேட்க வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட கறி கடற்கரை வெக்கையில் சீக்கிரம் புளிக்கும். பகல் வைத்ததை இரவுக்கு வைக்காதீர்கள்.