எட்டு வயதில் பைஜாமாவில் விழுந்த ஓட்டை

2007இல் பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை மையமான யூகாஸ், விண்ணப்பத்தோடு மாணவர்கள் அனுப்பிய சுயகட்டுரைகளைக் கணினியில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தது. அவர்களில் 234 பேர், எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியை நோண்டிப் பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். இணையத்தில் மாதிரிக் கட்டுரையாகக் கிடந்த ஓட்டை அது.

இத்தனை பேரும் சோம்பேறிகளாக இருந்திருக்க மாட்டார்கள். ‘உன்னைப் பற்றி எழுது’ என்றதும் கை ஓடாமல் நின்றிருக்கும். நின்ற கை பக்கத்து இலையைப் பார்த்திருக்கும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் திணறல் இன்னும் கூடுதல். பள்ளியில் கட்டுரை என்றால் குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, நடுவே இரண்டு மேற்கோள். மழைநீர் சேகரிப்பையும் சாலைப் பாதுகாப்பையும் பற்றிப் பன்னிரண்டு வருடம் எழுதியவரிடம், ‘நீ யார், சொல்’ என்றால் என்ன செய்வார்? அப்துல் கலாமின் மேற்கோள் ஒன்றைத் தேடிப் போவார். அதோடு இரண்டு மணிநேரம் போய்விடும்.

முதலில் எதற்காக எழுதுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் பொது விண்ணப்பமான காமன் ஆப் 250 சொல்லுக்குக் குறையாமல், 650 சொல்லுக்கு மிகாமல் ஒரு கட்டுரை கேட்கிறது. ஏழு தலைப்புகளில் ஒன்றை எடுக்கலாம். ஏழாவது, உங்கள் விருப்பம். அதனால் தலைப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம், எழுதிய பிறகு பொருந்துகிற தலைப்பை ஒட்டிக்கொள்ளலாம். யூகாஸ் வேறு மாதிரி. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட, 4000 எழுத்துகள்தான். அங்கே குடும்பக் கதையைவிட, எடுக்கப்போகும் பாடத்தில் உங்களுக்கு உள்ள பிடிப்புதான் பேச வேண்டும். ஒன்றுக்கு எழுதியதை அப்படியே மற்றதற்கு அனுப்பாதீர்கள்.

இனி, எழுதுவது. என் அனுபவத்தில் பாதித் தடை ஆங்கிலத்தால் வருகிறது. சொல்ல வந்தது ஒன்று, ஆங்கிலத்தில் எழுத வருவது வேறொன்று. எழுத வந்ததையே சொல்ல வந்ததாக நினைத்துக்கொண்டு மேலே போகிறோம். ஆகவே முதல் வரைவை ஆங்கிலத்தில் எழுதவே எழுதாதீர்கள். அக்காவிடமோ நண்பனிடமோ சொல்வதைப் போலக் கைப்பேசியில் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். ஆங்கிலம் கலந்தால் கலக்கட்டும். பிறகு கேட்டுக்கொண்டே எழுதி எடுங்கள். பேசவும் கூச்சமா? பத்து நிமிடம் அலாரம் வைத்து, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், அடிக்காமல், திருத்தாமல் எழுதுங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் வந்த தன் புத்தகத்தில் பரப்பிய முறை இது. பத்து நிமிடத்தில் வருவது பெரும்பாலும் குப்பைதான். அதில் பயன்படுகிற ஒரு வரி இருந்தால் போதும்.

அந்த வரியை எப்படி அடையாளம் காண்பது? தையல்கடைக்காரர் மகள் ஒருத்தி பொருளாதாரம் படிக்க விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில், ‘கடின உழைப்பின் மதிப்பை என் தந்தையிடம் கற்றேன்’ என்று எழுதுவாள். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஜூன் முதல் வாரம் உங்கள் கடை எப்படி இருக்கும் என்று கேளுங்கள், அப்போதுதான் வாய் திறக்கும். சீருடைத் துணி கட்டுக்கட்டாகக் கிடக்கும். காஜா எடுக்க ஆள் கிடைக்காமல் அவளும் உட்காருவாள். அளவு நோட்டு எழுதுவதும் அவள்தான். வருகிற அம்மாக்கள், “உள்ள மடிப்பு நெறைய விட்டுத் தைங்கண்ணே, அடுத்த வருஷமும் போடணும்” என்பார்கள். அளவு நோட்டில் அந்த மடிப்புக் கணக்கைப் புரட்டினாலே எந்த வீட்டில் இந்த வருடம் பணம் முடை என்று தெரிந்துவிடும் என அவளுக்கு ஒருநாள் தோன்றியிருக்கிறது. கட்டுரை கிடைத்துவிட்டது. பொருளாதாரம் பிடிக்கும் என்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை.

இங்கே அவள் வறுமையை விற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கஷ்டம் இருந்தால்தான் கட்டுரை எடுபடும் என்று சில ஆலோசகர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கஷ்டப்படாத வீட்டுப் பிள்ளைக்கும் கண் இருக்கிறது. அது எதைப் பார்த்தது என்று எழுதினால் போதும்.

தொடக்க வரிக்காகக் காத்திருக்க வேண்டாம். நோட்டைப் புரட்டிய அந்த நாளிலிருந்து ஆரம்பியுங்கள், முன்கதை பிறகு வரட்டும். முடித்து இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், முதல் பத்தி பெரும்பாலும் தொண்டையைச் செருமியதாகவே இருக்கும். வெட்டிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதியதும் சத்தம் போட்டு வாசியுங்கள்; நாக்கு இடறுகிற இடத்தில் அகராதியிலிருந்து எடுத்த சொல் இருக்கும். பெயரை மறைத்துவிட்டு நண்பரிடம் கொடுங்கள். இது யார் எழுதியது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஒரு வரைவு பாக்கி.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி உங்களுடையது என்று அனுப்புவதைக் காமன் ஆப் மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாட்டுவதும் மாட்டாததும் ஒருபுறம் இருக்கட்டும். அளவு நோட்டு உங்கள் வீட்டில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ‘நான் அழகாக எழுதித் தருகிறேன்’ என்று பேனாவை வாங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று மட்டும் கேளுங்கள். காமன் ஆப் புதிய சுற்று ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் யூகாஸ் வழியாக விண்ணப்பிக்க அக்டோபர் 15 கடைசி நாள். பிளஸ் டூ படிப்பின் நெருக்கடி அப்போது கழுத்தைப் பிடிக்கும். பிளஸ் ஒன் முடிந்த மே விடுமுறையிலேயே பேசிப் பதிவு செய்யத் தொடங்கிவிடுங்கள்.