இல்லத்துக் கொடுமையும் உளநலச் சேவையும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் எல்லையில் அமைந்த ஊர் அத்திபெலே. தொழிற்சாலைகள் மிகுந்த இவ்வட்டாரத்தில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. இதே சாலையில், நகரத்தினுள், நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய மனநல, நரம்பியல் நிலையம் இருக்கிறது. 1954-ல் அகில இந்திய மனநல நிலையமாகத் தோன்றிய அது, 1974-ல் இன்றைய அமைப்பைப் பெற்றது.

கணவனால் துன்புறுத்தப்படும் பெண் மருத்துவரிடம் அதனை முதலில் உரைப்பது அரிது. உறக்கமின்மை, தலைவலி, படபடப்பு, காரணமற்ற களைப்பு என்றே அவர் கூறுவார். 2019-21-ல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கர்நாடகத்தில் மணமான பெண்களுள் 44 சதவீதத்தினர் கணவரின் உடல்வழி அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடெங்கும் வன்முறைக்கு ஆளானவர்களுள் உதவி நாடியவர்களோ 14 சதவீதத்தினரே.

இடையறாத அச்சத்தில் வாழ்பவரின் உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கியே இயங்குகிறது. அதனால் உறக்கம் கெடுகிறது. பழைய நிகழ்ச்சிகள் கனவிலும் நனவிலும் மீள்கின்றன. சோர்வு முற்றித் தற்கொலை எண்ணமும் எழக்கூடும். காரணத்தை வினவாது உறக்க மாத்திரை மட்டும் அளிப்பது, காயத்தைக் காணாமல் கட்டுப்போடுவது போன்றதாகும்.

ஆகவே உளநலப் பணியாளர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் சில உள. முதலாவதாக, பெண்ணைத் தனியே வைத்து வினவுதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படின், கணவரையோ உறவினரையோ அப்பணிக்கு அமர்த்தலாகாது. இரண்டாவதாக, அவர் கூறுவதைக் குறை காணாது கேட்டு, அன்றிரவு வீடு திரும்புவது பாதுகாப்பானதா என ஆராய வேண்டும். கழுத்தை நெரித்தல், கொலை மிரட்டல் ஆகியவை பேராபத்தின் அறிகுறிகள். மூன்றாவதாக, வன்முறை தொடருங்கால் கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே அமர்த்தி ஆலோசனை கூறுதல் தகாது. அங்கே உரைத்த உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கலாம்.

மருத்துவக் குறிப்பைத் தமக்கெதிராகப் பயன்படுத்தி, சித்தசுவாதீனமற்றவர் என வழக்காடுவார்களோ என அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்ப்போரும் உண்டு. மனநோய் உண்டெனக் கண்டறிவது மட்டுமே சித்தசுவாதீனமின்மையைக் குறிக்காது என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடித்தலோடு பாலியல் கொடுமை, இழிசொல், பொருளாதார ஒடுக்குமுறை ஆகியவற்றையும் வன்முறையெனக் கொள்கிறது. மருத்துவ உதவி கோரப்பட்டால் மருத்துவ நிலையம் அதனை அளித்தாக வேண்டும். மேலும், பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நடுவரிடமும் மனுச் செய்யலாம். அத்திபெலேயில் வாழ்க்கைப்பட்டு, எல்லைக்கு அப்பால் ஓசூரிலுள்ள தாய்வீட்டில் அடைக்கலம் புகுந்த பெண்ணுக்கு இவ்விதி பெருந்துணையாகும்.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென 2015-ல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. அம்மையப் பணியாளருக்கு உளநலப் பயிற்சி அளிக்க, 2022-ல் 'ஸ்திரீ மனோரக்ஷா' திட்டம் நிம்ஹான்ஸின் துணையுடன் தொடங்கிற்று. அதே ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், மகளிர் உதவியை 181 என்ற எண்ணிலும் பெறலாம்.

மருந்து உறக்கத்தைத் தரலாம்; அஞ்சாது உறங்கத்தக்க இடத்தை மருந்து தராது. மருத்துவரும் பாதுகாப்பு அலுவலரும் நீதிமன்றமும் இணைந்து செயற்படும்போதே சிகிச்சை நிறைவுறுகிறது.