நான்காவதாக வரும் பிள்ளை

நார்வே நாட்டின் மக்கள் தொகை 55 இலட்சத்துக்குச் சற்று மேல். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் வாழ்ந்தோர் 34,82,056 பேர். நாமக்கல் மாவட்டத்தில் 17,26,601 பேர். இரண்டையும் கூட்டினால் 52 இலட்சத்தைத் தாண்டுகிறது. ஆக, எண்ணிக்கையில் நம் இரு மாவட்டங்களும் ஏறக்குறைய ஒரு நார்வே எனலாம். அந்தச் சிறிய நாடு 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் உட்பட 37 பதக்கங்களைப் பெற்றது. அவற்றுள் பெரும்பகுதி பனிச்சறுக்குப் பலகைகளின் மேல் நின்று பெற்றவை.

“அவர்களுக்குப் பனி உண்டு, நமக்கு இல்லை” என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆனால் பனி பெய்யும் நாடுகள் எத்தனையோ உள. அவையெல்லாம் நார்வே ஆகிவிடவில்லை. மேலும், நான் இங்கே எழுத வந்தது பதக்கத்தைப் பற்றியும் அன்று. ஊர்ப் பிள்ளைகளை ஒன்று சேர்த்து, ஆண்டு முழுதும் ஓட வைத்து, அடுத்த ஆண்டும் அவர்களை வர வைப்பது எப்படி என்பதே என் கேள்வி. அட்டயாம்பட்டிக்கும் வெண்ணந்தூருக்கும் இடைப்பட்ட சிற்றூர்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் ஓட்டக் கழகம் ஒன்றில் மூன்றாண்டுகளாகக் கணக்கு நோட்டைச் சுமப்பவன் என்ற முறையில் அக்கேள்வி எனக்கு வந்தது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு என்பது, மலையுச்சியிலிருந்து சரிந்து விழுவது போல இறங்கும் சறுக்கு அன்று. கால்களில் நீண்ட மெல்லிய பலகைகளையும் கைகளில் இரண்டு ஊன்றுகோல்களையும் கொண்டு, மேடும் பள்ளமும் மரக்கூட்டமுமான நிலத்தில் பல கிலோமீட்டர் தம்மைத் தாமே தள்ளிச் செல்லும் போட்டி அது. மூச்சும் தொடையும்தான் மூலதனம். கோடையில் பனி கரைந்துவிட்டால் அவ்வீரர்கள் உருளை பூட்டிய பலகைகளில் தார்ச்சாலையில் பயில்வார்கள்; குன்றுகளில் ஓடுவார்கள். நாம் கிராஸ் கன்ட்ரி என்று கூறும் ஓட்டத்துக்கு அது உடன்பிறப்பு. இந்தியாவிலும் குல்மார்க்கில் இப்போட்டி நடைபெறுகிறது. 2020இல் தொடங்கிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் இதில் பதக்கங்கள் வென்றவர்களுள் ஒருவர், பனியே காணாத குடகு நாட்டிலிருந்து சென்ற பவானி என்ற பெண். எனினும், கஞ்சமலை அடிவாரத்தில் பலகை மாட்ட வேண்டுமென்று நான் கூறமாட்டேன். நமக்கு வாய்த்தது ஓட்டம். ஏரிக்கரையும் வரப்பும் குச்சிக்கிழங்குக் காட்டு வண்டித் தடமும் தாராளமாக உள்ளன.

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தைத் தனியாள் போட்டி என்றே பலர் நினைக்கின்றனர். அதன் உயிர் அணிக் கணக்கில் இருக்கிறது. உலகப் போட்டியில் ஓர் அணியில் ஆறு பேர் வரை ஓடலாம். அவர்களுள் முந்தி வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை பெற்ற அணிக்கே வெற்றி. ஓர் ஊரின் பிள்ளைகள் 1, 2, 3, 30 ஆகிய இடங்களில் வந்தால் கூட்டுத்தொகை 36. மற்றோர் ஊரார் 6, 7, 8, 9 ஆகிய இடங்களில் வந்தால் 30. முதல் மூன்று இடங்களையும் பெற்ற ஊர் தோற்றுவிடுகிறது! ஒரு கழகத்தின் நிலையை அறிய அதன் முதல் ஓட்டக்காரரைப் பார்த்துப் பயனில்லை, நான்காமவரைப் பார்க்க வேண்டும் என்று இக்கணக்கிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். கால்களில் இயல்பாகவே வேகமுள்ள ஒரு பிள்ளை எந்த ஊரிலும் பிறக்கும். அதில் கழகத்தின் உழைப்பு ஒன்றுமில்லை. நான்காவது பிள்ளையை நாம்தான் ஆக்க வேண்டும்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் இதற்குச் சான்று. ஜூலை 12ஆம் நாள் கடும் வெயிலில் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் நடந்தது. புறப்பட்டவர்கள் 38 பேர். முடித்தவர்கள் 15 பேர் மட்டுமே. பலர் வழியில் மயங்கி விழுந்தனர். பின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவதாக வந்தார். அவர் நாட்டவரான ரித்தோலா இரண்டாவது. அன்று அணிக்கு மூவர் கணக்கு. மூன்றாவது பின்லாந்துக்காரர் லீமதைனன் தள்ளாடித் தள்ளாடி 12ஆம் இடத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டினார். அவர் வந்ததால்தான் பின்லாந்துக்கு அணித் தங்கம் கிட்டியது. நூர்மியின் பெயர் உலகறிந்தது. இந்த மூன்றாமவரை எவரும் நினைப்பதில்லை. அந்தக் கொடுமைக்குப் பின் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி ஓட்டமே நிறுத்தப்பட்டது.

சேலத்துக்காரர்களாகிய நமக்கு அந்த வெயில் புதிதன்று. மாசி பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே மண் சுடத் தொடங்குகிறது. ஆகவே எங்கள் கழகத்தில் முதல் விதி வெயில் விதி. மார்கழி, தை மாதங்களில் மட்டுமே போட்டி. அதுவும் ஏழரை மணிக்குள் கடைசிப் பிள்ளை வந்து சேர்ந்துவிட வேண்டும். புறப்படும்போது தலையை எண்ணுகிறோம், வந்து சேரும்போதும் எண்ணுகிறோம். கடைசியாக ஓடும் பிள்ளைக்குப் பின்னால் பெரியவர் ஒருவர் மிதிவண்டியில் வருவார். எவரேனும் உளறினாலோ, தடம் மாறித் தள்ளாடினாலோ, அது வெறும் களைப்பு அன்று, வெப்பத் தாக்கு. உடல் வியர்த்திருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் பம்புசெட் தொட்டித் தண்ணீரில் கழுத்து வரை அமிழ்த்தி, ஒருவர் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். குளிர்விப்பது முதலில், ஊர்தி பிறகு. இந்த வரிசையை எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். தடத்தைக் குறிக்கும்போதே எந்தத் தோட்டத்துத் தொட்டி நிறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் குறிக்கிறோம்.

மீண்டும் நார்வேக்கு வருவோம். பதக்கங்களைக் குவிக்கும் அந்நாடு, சிறு பிள்ளைகளின் போட்டியில் இடம் குறிப்பதில்லை என்பது எனக்கு வியப்பாயிருந்தது. 1987ஆம் ஆண்டு அந்நாட்டு விளையாட்டு அமைப்பு, பிள்ளைகளின் விளையாட்டுக்கெனத் தனி விதிகளை ஏற்றது. இன்று நடைமுறையில் உள்ளபடி, 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியல், தரவரிசை எதுவும் கூடாது. 13 வயதுக்கு முன் தேசியப் போட்டி கூடாது. எல்லாப் பிள்ளைகளும் ஓடுவார்கள், எல்லாருக்கும் ஒரே பரிசு. இதை நான் எங்கள் கூட்டத்தில் சொன்னபோது, “முதல் பரிசு இல்லாமல் எவன் ஓடுவான்?” என்று ஒரு பெரியவர் சிரித்தார். நியாயமான கேள்விதான். ஆனாலும் 12 வயது நிரம்பாதோர்க்கு அவ்விதியை ஓராண்டு வைத்துப் பார்ப்பதென முடிவாயிற்று. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஓர் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கா பஞ்சம்! கோழிப்பண்ணையில் ஓடு விரிந்த முட்டைகளை மலிவாகத் தருகிறார்கள். அந்த ஆண்டு பரிசு பெறாத பிள்ளைகள் மறு ஆண்டும் வந்தார்கள்; தோற்றோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

வயது என்பது மற்றொரு பெரிய தலைவலி. தேசிய கிராஸ் கன்ட்ரிப் போட்டியில் 16 வயதுக்குட்பட்டோர்க்கு 2 கிலோமீட்டர். 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 4. 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 6. இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் பொய்ச் சான்றிதழுக்கு ஆசை காட்டுவோர் உண்டு. நம் தாத்தா காலத்தில் பள்ளியில் சேர்க்கும் ஆசிரியரே ஒரு பிறந்த நாளை எழுதிவிடுவார். ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்! அது அறியாமையில் நடந்தது. இன்று நடப்பது அறிந்தே செய்வது. 17 வயதுப் பையனை 15 என்று ஓட வைத்தால் ஒரு கோப்பை வரும். உண்மையாகவே 15 வயதான பிள்ளை மனமொடிந்து போய்விடும். போவது பெரும்பாலும் நான்காவது பிள்ளைதான். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறை பெரிய போட்டிகளில் உண்டு. எங்களைப் போன்ற சிறு கழகத்துக்கு அது எட்டாது. பிறப்புச் சான்றிதழின் மூலப்படியைப் பார்த்த பிறகே பெயர் எழுதுவது என்ற ஒரே விதிதான் எங்களிடம் உள்ளது. அதற்காக எங்களோடு பேசுவதை நிறுத்தியவர்களும் உண்டு.

எல்லையின் தொல்லையும் உண்டு. 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அட்டயாம்பட்டி சேலத்தில் நின்றது. வெண்ணந்தூர் நாமக்கல்லுக்குச் சென்றது. திருமணிமுத்தாறு இரண்டையும் நனைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. சாயக் கழிவும் இரண்டுக்கும் பொது. எங்கள் கழகத்தில் ஒன்றாகப் பயிலும் பிள்ளைகள் மாவட்டப் போட்டி வந்தால் இரண்டு கொடிகளின் கீழ் நிற்க வேண்டியிருக்கிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரு பக்கமும் நால்வர் தேற வேண்டுமே! ஒரு கழகம் எட்டுப் பேரை ஆக்க வேண்டிய கணக்கு அது.

கழகத்தை நடத்தும் முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். நிருவாகக் குழுவில் மூவருக்குக் குறையக் கூடாது. குழுவின் பதவிக் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பேரவை கூட்டி வரவு செலவைப் படிக்க வேண்டும். இந்த மூன்றாண்டு வரம்பை நான் மிகவும் போற்றுகிறேன். நம் ஊர்களில் மன்றங்கள் சாவது பெரும்பாலும் பணமில்லாமல் அன்று. ஒருவரே இருபதாண்டு செயலாளராக இருந்து, அவர் களைத்துப்போகும் நாளில் நோட்டு எங்கே, முத்திரை எங்கே என்று எவருக்கும் தெரியாமல் போவதால்தான்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுப் போட்டியில் சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கமாயிருந்தது. பொன்னாடைச் செலவையும் முட்டைச் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பேரவையில் படித்தேன். வேறொன்றும் நான் சொல்லவில்லை. மறு ஆண்டு விருந்தினர் ஒருவராயினர். அவரும் துண்டோடு திருப்தியடைந்தார்.

பணத்தைவிட ஆள்தான் அருமை. நார்வே மொழியில் ‘டுக்னாட்’ என்று ஒரு சொல் உண்டு. ஊரார் கூடிக் கூலியின்றிச் செய்யும் பொதுப்பணி என்பது அதன் பொருள். பனித்தடம் அமைப்பது, போட்டியன்று நேரம் குறிப்பது, சூடான பானம் ஊற்றுவது எல்லாம் பெற்றோரின் டுக்னாட். பிள்ளை கழகத்தில் சேர்ந்தால் தாய் தந்தையரும் ஏதோ ஒரு வேலைக்குச் சேர்ந்தாயிற்று. குடிமராமத்து என்ற பெயரில் ஏரி மதகையும் வாய்க்காலையும் வீட்டுக்கு ஓராள் வந்து செப்பனிட்ட நமக்கு இது அந்நியமன்று. தடத்தில் முள் வெட்டவும் சுண்ணாம்புத் தூள் இடவும் நாங்கள் வீட்டுக்கு ஓராள் கேட்கிறோம். வருகிறார்கள். சில வீடுகளில் வர ஆள் இல்லை. தகப்பனார் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடநாட்டில் இருப்பார், அல்லது லாரியில் இருப்பார். தாய் தறியில் நிற்பார்.

அப்படி ஒரு வீட்டைப் பற்றி எழுத வேண்டும். சென்ற ஆண்டுக்கு முந்திய தைப் போட்டியில் எங்கள் பெண்கள் அணி 1, 3, 4 ஆகிய இடங்களைப் பெற்றது. நான்காவதாக ஓட வேண்டிய பெண் வரவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய நாளிலேயே அவள் விசைத்தறியில் தார் சுற்றப் போய்விட்டாள். நால்வர் இல்லாததால் அணி கணக்கில் சேரவில்லை. மூவர் கணக்காக மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் அப்போதே கேட்டனர். விதியை எழுதியது நாமே. நமக்கு நட்டம் என்றதும் மாற்றினால் அது விதியாகுமா என்று கூறிக் குழு மறுத்துவிட்டது.

பிறகு அவள் வீட்டுக்குப் போனோம். “ஏந்தம்பி, ஓடுனா கூலி குடுப்பாங்களா?” என்று அவள் தாயார் கேட்டார். “இல்லீங்கக்கா” என்றேன். “அப்புறம்?” என்றார். அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லுக்கு விடை எந்த நூலிலும் இல்லை. அரசுக் கல்லூரிகளில் விளையாட்டுப் பிரிவு இட ஒதுக்கீடு உண்டு என்று சொன்னோம். அதற்கு முதலில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நீண்டபோது உண்மையான தடை வேறென்று தெரிந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, இருட்டில், ஏரிக்கரையில் பெண் பிள்ளை ஓடுவதை ஊர் என்ன சொல்லும் என்பதே அது. தறிக் கூலி இரண்டாவது காரணம்.

அதற்குக் கழகத்தால் விடை காண முடிந்தது. பெண்களின் பயிற்சியை வெளிச்சம் வந்த பின் ஆறேகாலுக்கு மாற்றினோம். தடத்தை ஏரிக்கரையிலிருந்து விலக்கித் தறித் தெரு முனை வழியாகக் கொண்டுவந்தோம். வீடுகளின் கண்ணெதிரே ஓடுவார்கள். தூரம் சற்றுக் குறைந்தது, தார்ச்சாலையும் கொஞ்சம் சேர்ந்தது, முழங்காலுக்கு அது நல்லதன்று என்று உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கண்டித்தார். அவர் கூற்று சரியே. ஆயினும் முழங்கால் வலிக்க முதலில் பிள்ளை வர வேண்டுமல்லவா? தனியே எவரும் ஓடக் கூடாது, இருவராகவே ஓட வேண்டும் என்றும் வைத்தோம். அந்தத் தாயாருக்கு முறை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், திருப்பத்தில் நின்று பிள்ளைகளை எண்ணும் வேலை கொடுத்தோம். அவர் எண்ணினால் பிசகுவதில்லை. நூல் எண்ணிப் பழகிய கண் அல்லவா.

அவள் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். மாலையில் இன்னும் தார் சுற்றுகிறாள். வேகம் முன்போல் இல்லை. வாரத்தில் நான்கு நாள்தான் வருகிறாள். வரும் தைப் போட்டிக்குப் பெண்கள் அணியில் இதுவரை ஐந்து பெயர்கள் எழுதியிருக்கிறேன். அவள் பெயர் நான்காவது. குட்டிப் பிள்ளைகள் ஓட்டத்துக்கான பக்கத்தில் அவள் தங்கையின் பெயர் இருக்கிறது. தங்கைக்கு வயது 11. அவளுக்கு நாங்கள் இடம் குறிப்பதில்லை.