வாத்தியார் வேலையும் உற்பத்தியா?

கேள்வி: கையில் தொட்டுப் பார்க்கப் பொருள் எதுவும் தராத சேவை வேலை, மார்க்ஸின் கணக்கில் மதிப்பை உண்டாக்குமா?

பதில்: உண்டாக்கும். பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றவர் ஆடம் ஸ்மித். 1776-இல் வேலைக்காரர்களையும் நடிகர்களையும் உற்பத்தி சாராதவர்கள் என ஒதுக்கினார். யாருக்காக உழைக்கிறார் என்பதே மார்க்ஸுக்கு முக்கியம். 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) வரும் ஆசிரியர், பள்ளி முதலாளிக்கு லாபம் சம்பாதித்துக் கொடுப்பதால் உபரி மதிப்பைப் படைப்பவர். அவரே ஒரு வீட்டுக்குப் போய்ப் பாடம் சொன்னால், அந்த வீட்டுக்காரரின் வருமானம் செலவாகிறது, அவ்வளவுதான். சரக்கை ஏற்றிச் செல்வதும் மதிப்பைக் கூட்டும். வெறுமனே வாங்கி விற்பது கூட்டாது. சூப்பர் மார்க்கெட்டில் அரிசியைப் பொட்டலம் கட்டுபவரையும் பில் போடுபவரையும் இப்படிப் பிரிப்பது எனக்குக் கொஞ்சம் செயற்கையாகவே படுகிறது. மார்க்சியர்களுக்குள்ளேயே இதில் இன்னும் சண்டை ஓயவில்லை.