நாள் தள்ளிப்போய் ஒரு பக்கம் வலித்தால் சும்மா இருக்கலாமா?



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார்: "நாள் தள்ளிப்போச்சு, அடிவயித்துல ஒரு பக்கம் வலி. நான்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிட்டேனே, இது சூட்டு வலின்னு வெந்தயம் முழுங்கிட்டு இருந்தேன். மறுநாள் களையெடுக்கும்போது மயங்கி விழுந்துட்டேன்." கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதால் பிழைத்தார். நாமும் இதைத் தெரிந்துகொள்வோம்.

நம் உடம்பை அறிவோம்

கர்ப்பப்பை கைமுட்டி அளவுதான் இருக்கும். அதன் மேல்புறம் இரண்டு பக்கமும் சுமார் 10 செ.மீ. நீளத்தில் கருக்குழாய்கள். குழாய் நுனிக்குப் பக்கத்தில் சினைப்பைகள். அங்கிருந்து மாதம் ஒரு முட்டை குழாய்க்குள் வருகிறது. ஆணின் உயிரணுவோடு அங்கேதான் சேர்ந்து கருவாகிறது. பிறகு நகர்ந்துபோய்க் கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்கிறது.

குழாயில் பழுது இருந்தால் கரு வழியிலேயே தங்கிவிடலாம். கர்ப்பப்பை பிள்ளைக்கு ஏற்ப விரியும். குழாய் அப்படி விரியாது. வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே கொஞ்சம்தான் தெரியும். அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

யாருக்கு வரும்?

100 கர்ப்பத்தில் 1 அல்லது 2 இப்படி ஆகலாம். முன்பு குழாயில் கரு தங்கியவர்கள், அடிவயிற்றில் கிருமித்தொற்று வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்தவர்களும் காப்பர்-டி போட்டவர்களும் கர்ப்பமாவது அபூர்வம். ஆனால் ஆகிவிட்டால், அது குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடையாளங்கள்

* நாள் தள்ளிப்போதல்
* அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கம் வலி
* விட்டுவிட்டு ரத்தக்கசிவு
* தோள்பட்டை வலி, தலைசுற்றல், மயக்கம்

என்ன செய்யலாம்?

நாள் தள்ளிப்போய் வலியும் இருந்தால் அன்றே டாக்டரிடம் போவோம். சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் என்று மட்டும் சொல்லும். எங்கே என்று ஸ்கேன்தான் காட்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிலருக்கு ஊசி மருந்தே போதும். இல்லாவிட்டால் ஆபரேஷன். அந்தக் கருவைக் காப்பாற்ற முடியாது, தாயைக் காப்பாற்றலாம். மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். குழாயில் உள்ள கருவை அது கலைக்காது.

மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். "வீட்டுக்காரர் வரட்டும்", "பணம் புரட்டிட்டுப் போகலாம்" என்று காத்திருக்க வேண்டாம். குழுவின் அவசரக் கடன் இதற்குத்தானே! இந்தக் கூட்டத்திலேயே இதை வாசித்துக் காட்டி, கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கும் சொல்லுவோம்.